ஒன்பதாவது விளக்கு

காலை நாலே முக்கால் மணி. ரயில்வே யார்டுக்குப் பின்னால் போகிற ரோடு... ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்டவாளம், நடுவில் ஒரே ஒரு ஆள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலை இறக்கிவிடுங்கள், குளிர் ஏறுகிறது. இந்த வண்டி இப்போதைக்குக் கிளம்புகிற மாதிரி இல்லை. சிக்னல் விழவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அதுவரைக்கும் சொல்கிறேன்.

இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. வீட்டில் அவனுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். ரயில் ஓட்டுகிற வேலைக்கு மனுப் போட்டு நாலு வருடம் அலைந்தான். எழுத்துத் தேர்வு முடிந்தது. திரையில் எண்கள் ஓட ஓட பட்டனை அமுக்குகிற தேர்வும் முடிந்தது. பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். அதிலும் கண் பரிசோதனையில்தான் பாதிப் பேர் கழன்று விழுவார்கள். அடுத்த மாதம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதில் போனால் போனதுதான்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னலைப் பார்த்தவுடன் ஒருவர் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் சொன்னது சரி என்ற பேச்சே கிடையாது... வண்டியை நிறுத்திவிட வேண்டும். சந்தேகம் இதை பைக்கில் பழகினான். சாலைச் சந்திப்பு வந்தால் "பச்சை" என்பான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியும் "பச்சை" என்பாள். பக்கத்து வண்டிக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வேலை கிடைக்கிறவரை மானம் கொஞ்சம் போனால் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பரிசோதனை அன்று விடியற்காலை, ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த யார்டு ரோட்டில், பைக்கை கேட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நடந்தான். அவன் செருப்புச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது. சரக்... சரக்... தண்டவாளத்து ஜல்லியில் யாரோ நடக்கிறார்கள். இவன் நின்றான். அதுவும் நின்றது. போட்டிக்கு வந்த எவனோ பயமுறுத்தித் திருப்பி அனுப்பப் பார்க்கிறான் என்று நினைத்து வேகமாக நடந்தான்.

ஆறு மணிக்கு முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். கண் பரிசோதனை அறையில் சுவரெல்லாம் கறுப்பு. கதவைச் சாத்தியதும் தன் கையே தனக்குத் தெரியவில்லை. சுவரில் முதுகு படுகிற மாதிரி ஒரு ஸ்டூல். எதிர்க்கோடியில் டாக்டர், விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில். கடுகளவு வெளிச்சம் ஒவ்வொன்றாக வரும், நிறத்தைச் சொல்ல வேண்டும்.

"சிவப்பு" என்றான்.

"சிவப்பு."

காதுக்குப் பின்னாலிருந்து... மெதுவாக. கூடவே எண்ணெயில் ஊறிய பழந்துணி வாடை.

அடுத்தது மஞ்சள். அதுவும் "மஞ்சள்" என்றது. எட்டு விளக்குவரை இவன் சொன்னதையே சொன்னது. பின்னால் ஆளை உட்காரவைத்து, கவனம் சிதறுகிறதா என்று பார்க்கிறார்கள் போல. இவன் அசரவில்லை.

ஒன்பதாவது விளக்கு. பச்சை. பளிச்சென்று பச்சை.

"பச்சை" என்றான்.

"சிவப்பு."

விளக்கை மறுபடி உற்றுப் பார்த்தான். கண்தான் ஏமாற்றுகிறதா? இல்லை, வேலையைக் கெடுக்க வந்த குரலா? ஒத்துப்போகாவிட்டால் நிறுத்து என்பது எஞ்சினில். இங்கே நிறுத்தினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "பச்சை, சார்" என்று மறுபடியும் அழுத்திச் சொன்னான். காதோரம் யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது.

கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தான். சுவர். தொட்டுப் பார்த்தான். விரலில் பிசுபிசுவென்று கறுப்பாக எண்ணெய்.

டாக்டர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உள்ளே வேற யாராவது பேசினாங்களா?"

பேசினார்கள் என்றால் காதில் கோளாறு என்று எழுதுவார்கள். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"இல்ல சார்."

"எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க" என்று டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே முத்திரையைக் குத்தினார். தகுதி.

அன்று சாயங்காலம் மனைவியை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. சந்திப்பில் விளக்கு மாறியது.

"பச்சை" என்றான்.

"பச்சை" என்றாள்.

பைக் நகர்ந்தது. அவள் விரல்கள் அவன் விலாவில் அழுந்தின.

"ஏங்க... எனக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டு யாரு சிவப்புன்னு சொல்றது?"

சந்தேகம் நட்ட நடு ரோட்டில் பிரேக்கை அழுத்தினான். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு மறுபடி சிவப்பாகிற வரைக்கும் காலை ஊன்றி அங்கேயே நின்றான். அவளிடம், தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான். கேட்டது என்று ஒரு தடவை வாயைத் திறந்தால் வேலை போய்விடும் அல்லவா?

வேலையில் சேர்ந்துவிட்டான். இப்போது மூன்று வருடமாக எஞ்சினில்தான் இருக்கிறான். எந்தத் தடத்தில் என்று கேட்கிறீர்களா? இதே தடம்தான். இந்த ராத்திரி வண்டிதான்.

இப்போது அந்த ஜன்னலை ஏற்றிவிட்டு முன்னால் எட்டிப் பாருங்கள். வளைவில் நிற்பதால் இங்கிருந்தே நன்றாகத் தெரியும். நீங்கள் அதை இறக்குவதற்கு முன்னால் அரைமணி நேரம் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்...

சிக்னல் பச்சை.