இடது பக்கத் தகடு

இந்த நாற்காலியை உங்கள் அலுவலகத்துக்கு விற்றவர் யாரோ, கெட்டிக்காரர். மேலே பார்த்தால் தேக்கு மாதிரி இருக்கிறது. அடியில் கைவிட்டுத் தடவினால் மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை. ஒரு மழைச் சாரல் பட்டால் ஊதிவிடும். குறை சொல்லவில்லை சார். பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிறவன் எங்கே போனாலும் உட்காரும் முன் அடியில் தடவித்தான் பார்ப்பான். பல் பிடுங்கப் போன இடத்திலேயே தடவியிருக்கிறேன். மருத்துவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் சாதுவான ஆள். சைக்கிள் ஓட்டினால்கூடத் தடுமாறும். ஆனால் கடையின் ஷட்டரை இறக்கியதும், விற்காமல் கிடக்கும் சோபா ஒன்றில் சாய்ந்து, கணினியில் டாங்கி ஓட்டுவேன். உலகம் முழுக்க ஆள் சேர்ந்து ஆடுகிற போர் விளையாட்டு. அதன் இணைய விவாதப் பலகையில் என் பெயர் ‘மேசைத் தளபதி’. எந்த வண்டிக்கு எங்கே எத்தனை கனத் தகடு என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். சொந்தக் கடையில் சாவி எங்கே என்று கேட்டால் தெரியாது.

அந்த விளையாட்டில் பெரிய நாடுகளுக்கு ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு வண்டி வரிசை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் என்று வந்தால் மட்டும் எல்லாவற்றையும் மிச்சச் சரக்கு மாதிரி ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தச் சாக்குக்கு மேலே யார் கொடி? நம் பக்கத்து நாட்டின் கொடி. நம் ராணுவத்தின் கவச வண்டிகூட அவர்கள் வண்டியின் ‘நகல்’ என்று ஒரு மூலையில் கிடந்தது. இரண்டு நாடும் ஒரே இடத்தில் வாங்கிய வண்டிதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நகலா?

பக்கத்து நாட்டுக்காரன் ஒருவன் பலகையில் இருந்தான். பட்டப்பெயர் ‘நீலக்கொடி’. “உங்களுக்குத் தனி வண்டி எதுக்கு? எங்க வண்டியில உங்க ஸ்டிக்கரை ஒட்டிக்க வேண்டியதுதானே” என்று எழுதினான். அதற்கு ஊர்ப்பட்ட பேர் சிரித்தார்கள். வியாபாரத்தில் எத்தனையோ பேர் என் முகத்தில் அடித்த மாதிரி விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஸ்டிக்கர் மட்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

விளையாட்டு நிறுவனம் ஒரு விதி வைத்திருந்தது. கவசத்தில் ஓர் இடத்திலாவது நிஜமான வித்தியாசம் இருப்பதைப் படத்தோடு காட்டினால் அது தனி வண்டி. தனி வண்டி இருந்தால் தனிக் கொடி. ஆகவே எனக்கு ஒரு வித்தியாசம் தேவைப்பட்டது. என் தங்கையின் கணவர் ராணுவத்தில் அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வாயே திறக்காத மனிதர். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் தண்ணீர் குடிப்பார். ஆனால் எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு சார். எதிராளியிடம் விலையைக் கேட்கவே கூடாது. கேட்டால் உஷாராகிவிடுவான். தப்பான விலையை நாமே அலட்சியமாகச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவனுக்குத் தப்பைத் திருத்தாமல் இருக்க முடியாது. அரிப்பு மாதிரி அது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. நான் இலேசாகச் சொன்னேன்:

“பாவம் மாப்ள நீங்க. அந்த வண்டிக்குள்ள வெந்து சாகறீங்க. பக்கத்து நாட்டுக்காரன் வண்டியில ஏசி பெட்டி வச்சு ஜம்முனு போறானாம்.”

“எவன் சொன்னான்? அவன்தான் வேகறான். ஏசி பெட்டி நமக்குத்தான் மச்சான் இருக்கு.”

“சும்மா கதை விடாதீங்க. கூரை மேல ஒரு பெட்டியையும் காணோம்.”

“கூரையில எவனாவது வைப்பானா? இடது பக்கம், என் முதுகுக்குப் பின்னாடி. நம்ம பட்டறையிலேயே தகட்டை வெட்டி உள்ள வச்சாங்க.”

“வெட்டினாலும் மறுபடி அதே கனத்துக்கு மூடியிருப்பாங்க.”

மாப்பிள்ளை சிரித்தார். “மூடினாங்க, பிஸ்கட் டப்பா தகரத்தால. பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?”

தங்கை குழம்புக் கரண்டியோடு வந்தாள். “அண்ணே, சாப்பிடறப்பவாவது அந்த வண்டியை வெளிய நிறுத்திட்டு வாங்க ரெண்டு பேரும்.”

நிறுத்தினோம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அன்றைக்கு ரசித்துச் சாப்பிட்டேன்.

அடுத்து படம். முகாமில் குடும்பத்தாரை உள்ளே விடும் நாள் ஒன்று வரும். பிள்ளைகள் வண்டியில் ஏறிக் குதிப்பார்கள். நான் தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு போய், வண்டியின் இடது பக்கம் நிறுத்தி, “அப்பா வண்டியைத் தட்டு கண்ணு” என்றேன். தட்டினாள். டப் டப் என்று சத்தம் வந்தது. மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. குழந்தையைப் படம் எடுக்கும் மாமாவை எந்தக் காவலாளியும் தடுக்க மாட்டான். ஒருவர் என்னை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொன்னார், வண்டி முழுசாக விழும் என்று.

பலகையில் போடும் முன் குழந்தையை வெட்டிவிட்டேன். அந்தப் பொறுப்பெல்லாம் எனக்கு உண்டு. கையை மட்டும் விட்டுவைத்தேன். தகட்டின் அளவு தெரிய வேண்டுமே.

நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நமக்குத் தனி வரிசை, தனிக் கொடி. அன்று கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு, அவர் கேட்காமலே ஒரு முக்காலியை இலவசமாகக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லை. அவர் பயந்துபோய் அதைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

என் புத்திசாலித்தனத்தின் அழகை மறுநாளே பார்த்தேன். விளையாட்டில் எல்லோரும் நம் வண்டியை அந்த இடத்திலேயே அடித்தார்கள். ஏன் அடிக்க மாட்டார்கள்? இடது பக்கம், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தவன் நான். ‘நீலக்கொடி’ ஒருவனே என்னை எத்தனை முறை கொன்றான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சண்டை போட்டுத் தனிக் கொடி வாங்கி, அதைப் பிடிப்பதற்கென்று உலகத்திலேயே மட்டமான வண்டியையும் வாங்கியவன் நான்தான். அந்த இடத்தில் அடிபட்டால் திரையில் ஓட்டுநரின் உருவம் மட்டும் செத்துக் கறுப்பாகும். வண்டிக்குள் இருக்கும் மற்ற மூவரும் பச்சையாகவே இருப்பார்கள்.

பிறகு அந்தப் பக்கத்து நாட்டோடு எல்லையில் தகராறு வந்தது. அது ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் வண்டி முன்னால் போனது. வண்டி அடிபட்டது, ஓட்டுநர் மட்டும் போய்விட்டார், மற்ற மூவரும் பிழைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சார், மறைக்காமல் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, ‘பரவாயில்லை, விளையாட்டில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்’ என்பதுதான். அழுகை அதற்கு அப்புறம் வந்தது. வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவரைக் கொண்டுவந்த பெட்டி நல்ல மரம். அடியில் தடவிப் பார்க்கக் கை போனது. தங்கை பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வீடு காலியானதும் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். “அண்ணே, அவர்கிட்ட அந்த வண்டியைப் பத்தி நீ ஏதாவது கேட்டியா?”

“நான் ஒண்ணுமே கேக்கலையேம்மா.”

அது சத்தியமான உண்மை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை.

இன்று காலை நீங்கள் கடைக்கு வந்தபோது எனக்குப் பதற்றமே இல்லை. சாட்சியாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றீர்கள். இங்கே கூட்டிவந்து, எல்லையில் பிடிபட்ட பக்கத்து நாட்டுச் சிப்பாயின் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினீர்கள். அந்தச் சின்னக் கை. தங்கை மகளுக்குக் கட்டைவிரலில் ஒரு மச்சம் உண்டு. படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. என் கைப்பேசி மட்டமானது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிறகு நீங்கள் பேனாவை எடுத்துக்கொண்டு, அலுப்பாகச் சொன்னீர்கள். இதை வெளியிட்டது உங்கள் மாப்பிள்ளைதான், குடும்பத்துக்கு வரவேண்டிய மரியாதையெல்லாம் இனி வராது, நாற்காலி விற்கிற உங்களுக்கு இந்த வண்டிகளைப் பற்றி என்ன தெரியப் போகிறது என்று. ‘மேசைத் தளபதி’ என்ற பெயரில் எழுதியதும் அவர்தான் என்றீர்கள். வலது பக்கத் தகடு என்றும் சொன்னீர்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து போய்க் கடையைத் திறந்திருக்கலாம். தங்கை தன் கணவனைத் துரோகி என்று நினைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடும் போட்டிருப்பாள்.

“இடது பக்கம்” என்றேன்.

உங்கள் பேனா நின்றது. நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் கடை போட்டிருந்தால் நீங்கள் அமோகமாகப் பிழைத்திருப்பீர்கள்.

ஆனால் நான் வாயைத் திறந்தது உங்கள் சாமர்த்தியத்தால் இல்லை சார். மாப்பிள்ளையின் பெயர் கெடக்கூடாது, அது ஒன்றுக்காகத்தான். படம் எடுத்தது நான், போட்டது நான், இடத்தைக் காட்டியது நான். அவரைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தங்கையிடமும் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நிமிஷம். இங்கே மேலே, ‘பக்கத்து நாட்டு வண்டியின் நகல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள் சார். நகல் இல்லை. அது நம்முடைய தனி வண்டி, நிறுவனமே ஒத்துக்கொண்டாயிற்று.