யாரும் கால்வைக்காத துண்டு

கான்செப்டா சுடும் சோடா ரொட்டியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, சார்ஜென்ட். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். என் தம்பி கோல்மன் அதைச் சப்புக்கொட்டித் தின்றபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாற்பத்தாறு வயதில் அவனுக்குக் கல்யாண ஆசை வந்திருந்தது.

அம்மா போனபோது அவன் ஆறு வயதுப் பையன். வளர்த்தவள் நான். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்பியதும் அவனுக்காகத்தான். அதை அவனிடம் சொல்லிக்காட்டியதே இல்லை.

அன்று சதுப்பில், எங்கள் பங்குத் துண்டு நிலத்தில் இருந்தோம். குளிர்கால அடுப்புக்கு வெட்டிப்போட்ட கரிமண் கட்டிகளைக் காய்வதற்காக ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திக்கொண்டிருந்தோம். தலைநிமிராமலே சொன்னான்.

"அடுத்த மாசம் கல்யாணம்க்கா. அவ வீட்டுக்கே போயிடறேன். நீ சமாளிச்சுக்குவ. உன்னைப் பாத்தா மழையே பயந்து ஓடும்."

நானும் சிரித்தேன்.

பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தவன் பழைய வெட்டுக்குழியில் விழுந்துவிட்டான். குழி நிறையத் தண்ணீர். ஓரமெல்லாம் வழுக்கும், பிடித்து ஏற எதுவும் கிடையாது. நான் தள்ளவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மண்வெட்டியை நீட்டச் சொன்னான். அது என் கையில்தான் இருந்தது. புல்லில் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை அவித்தேன். பழக்கதோஷம், இரண்டு பேருக்கும் சேர்த்தே போட்டுவிட்டேன்.

மறுநாள் ஊரே தேடியது. அடுத்தவர் துண்டில் கேட்காமல் யாரும் கால்வைக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு ஃபெஸ்டஸ் நாயை இழுத்துப் பிடித்தபடி ஓரத்திலேயே நின்றார்.

"உங்க துண்டுல இறங்கிப் பாக்கட்டுமா, டிம்ப்னா?"

"நான் அங்குலம் அங்குலமா பாத்துட்டேன். நீங்க ஏரிப் பக்கம் போங்க."

போனார்கள். நாள்கணக்கில் ஏரியைத் துழாவினார்கள். கான்செப்டா அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு கரையில் மழையில் நின்றாள். அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சார்ஜென்ட். இன்னும் உருளைக்கிழங்கை இரண்டு பேருக்கும் சேர்த்தேதான் அவிக்கிறேன்.

ஆனால் மதுக்கடையில் பேச்சு வேறு மாதிரிப் போய்விட்டது.

"மாப்பிள்ளை லிவர்பூலுக்குக் கப்பலேறிட்டாராம்ப்பா. பொண்ணைக் கிட்டத்துல பாத்துட்டாரு போல."

என் தம்பியை ஓடிப்போனவன் என்று சொன்னால் நான் எப்படிப் பொறுப்பேன்? அதனால்தான் வந்தேன். அவன் எங்கும் ஓடவில்லை. எங்கள் துண்டில்தான் இருக்கிறான்.

இன்னொன்று இருக்கிறது. அதைக் கான்செப்டாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் உடனே வீட்டுக்குப் போய்விடவில்லை. அவன் குரல் அடங்கும்வரை வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அக்கா, அக்கா என்று என்னைத்தான் கூப்பிட்டான்.