மூடியிருந்த வாரத்தில் எடுத்த மூச்சுக் கணக்கு

பெயர், வயது, விலாசம் மேலே எழுதியிருப்பது சரி. நான் வீட்டைக் கவனித்துக்கொள்கிறேன். என் கணவர் கார் பட்டறையில் ஸ்பிரே பெயிண்டர். பட்டறையின் கம்ப்ரசர் அறைச் சாவி காணாமல் போனது பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

வேலைக்குப் போனால் அவருக்கு இழுப்பு வருகிறது, லீவில் இருந்தால் தணிகிறது. பெயிண்டில் கலக்கும் ஹார்டனரால் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சந்தேகப்பட்டு, மூச்சின் வேகத்தை அளக்கும் சின்ன மீட்டர் கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதிப் பார்க்கச் சொன்னார். வேலை நாளில் குறைவாகவே வந்தது. அதன் பிறகு பட்டறை முதலாளி, வீட்டில் ஊதியதை நம்ப முடியாது என்று தனக்குத் தெரிந்த டாக்டரிடம் அனுப்பினார். அனுப்பியது, பட்டறை மூடியிருந்த வாரத்தின் கடைசி நாளில். ஒரு வாரம் பெயிண்ட் படாததால் அன்று என் கணவர் நன்றாகவே ஊதினார். நுரையீரலில் கோளாறு இல்லை என்று எழுதி வந்ததும் ஸ்பிரே அறைக்குத் திரும்பச் சொன்னார்கள். "எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு" என்று அவரும் போனார்.

அதன் பிறகு நேற்று வேலை முடியும் நேரத்தில் மீட்டருடன் பட்டறைக்குப் போனேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. எல்லோர் முன்னாலும் ஊதச் சொன்னேன். எத்தனை தடவை ஊதியும் மீட்டரின் முள் அடியில் உள்ள சிவப்பைத் தாண்டவில்லை. "ஒரு பலூனாவது ஊதுவீங்களாண்ணே?" என்று ஒடுக்கு எடுக்கும் டிங்கர் சிரித்தார்.

முதலாளி, "ஏம்மா, டாக்டர்கிட்ட நல்லா ஊதின ஆளுக்கு இங்க வந்ததும் மூச்சு போயிடுச்சாக்கும்?" என்றார்.

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றேன்.

அவர், "காலையில வண்டி டெலிவரி இருக்கு, வந்துடு" என்று என் கணவரிடம் சொன்னார். இவர் பேச மூச்சில்லாமல் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு கடவுளை நினைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய கம்ப்ரசர் அறைச் சாவியை எடுத்தேன். கம்ப்ரசர் காற்று இல்லாமல் ஸ்பிரே அடிக்க முடியாது. யாரும் தூண்டவில்லை. கணவருக்குத் தெரியாது. வேலை நடக்கும்போது ஒரு டாக்டர் பக்கத்தில் நின்று இவரை ஊத வைத்துப் பார்ப்பதானால் அந்த அறையைத் திறக்கட்டும், நானே சாவி கொடுக்கிறேன்.

இங்கே ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்த பிறகு கணவர் வந்தார். "சாவியக் குடுத்துடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். கொடுத்தால் மறுபடியும் ஸ்பிரே அடிக்கப் போய்விடுவார். அதனால் சாவி இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டேன். வழக்குப் போடுவதானால் போடுங்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)