அடுப்படி இலை

இதை நான் கண்ணால் பார்த்தவர்கள் வாயால் கேட்கவில்லை. என் அம்மாவின் மாமாவுக்கு அவருடைய அப்பா சொன்னது, மாமா எங்களுக்குச் சொன்னது. நடுவில் யார் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாது. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

ரொம்ப காலத்துக்கு முன்னால், அமராவதி ஆற்றுக்குத் தெற்கே வேலங்காட்டுப்புதூர் என்று ஒரு ஊர். அந்தப் பக்கத்தில் நாச்சிமுத்து என்று ஒரு சமையல்காரர் இருந்தாராம். கல்யாணம், சீர், கோயில் விருந்து, எதுவானாலும் அவர் கைதானாம். யாரிடமும் சம்பளத்துக்கு இருந்தவர் இல்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து அழைத்தால் கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். தட்டை வாங்கினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

ஆனால் தட்டை உடனே வாங்கமாட்டாராம். கையைக் கட்டிக்கொண்டு ஒன்று கேட்பாராம்.

"என்ர அடுப்புக்கு வெறகு பொளக்கறவங்களுக்கும், என்ர அண்டாவக் கழுவறவங்களுக்கும் அதே அண்டாவுல இருந்துதான் சோறு. சரிங்களா?"

சரி என்றால் வாங்குவார். இழுத்தால், "வேற ஆளப் பாத்துக்குங்க சாமி" என்று கும்பிட்டுவிடுவார். அவ்வளவுதானாம்.

ஏன் அப்படி? அவருடைய அப்பா கல்யாண வீடுகளில் விறகு பிளந்தவராம். பாயசம் எப்படி மணக்கும் என்று ஆயுசு முழுக்கத் தெரிந்திருந்தது அந்த மனுசனுக்கு. எப்படி இனிக்கும் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தாராம்.

மழை பொய்த்த ஒரு வருசம். கல்யாணங்கள் குறைந்துபோயின. வந்த ஒன்றிரண்டு தட்டையும் நாச்சிமுத்து திருப்பி அனுப்பினார். அவர் சம்சாரம் பழனாத்தா அடுப்பங்கரையில் இருந்தபடியே சத்தம் போட்டாளாம்.

"ஏன் மாமா, ஊருக்கெல்லாம் சோறாக்கற கையி, நம்மூட்டு ஒலைய எப்பக் கொதிக்க வெக்கும்?"

"வெக்கும் பழனா, வெக்கும்."

"நீங்க கேக்கற கேள்விய அந்தச் சட்டிக்குள்ள போட்டா வேகுமா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாராம்.

அந்த நேரத்தில் வேலங்காட்டுப்புதூர்த் தோட்டத்துப் பண்ணாடியே நேரில் வந்தாராம். அந்த ஊரில் பாதி நிலம் அவருடையது. மூத்த மகளுக்குக் கல்யாணம். நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பண்ணாடி, "ஆகட்டும்ப்பா, அதுக்கென்ன" என்றார். நாச்சிமுத்து தட்டை வாங்கிவிட்டார். பழனாத்தா அன்றைக்குத்தான் சிரித்தாளாம்.

கல்யாணத்தன்று விடிய அடுப்பு மூட்டியாயிற்று. சோறு, பருப்பு, பொரியல், ரசம், பாயசம், எல்லாம் இறக்கி அண்டாக்களை வரிசையாக மூடி வைத்தாயிற்று. முகூர்த்தமும் முடிந்தது. அப்போதுதான் நாச்சிமுத்து மூக்குக்கு வேறொரு வாசனை வந்ததாம். எட்டிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் தனியாக ஒரு மண்பானை. அதில் கம்பங்கூழ். சுற்றி உட்கார்ந்திருந்தது விறகு பிளந்த சின்னான், பாத்திரம் கழுவிய ரங்காத்தா, தண்ணீர் சுமந்த ஆட்கள்.

"என்னங்க இது?" என்றார் நாச்சிமுத்து.

ரங்காத்தா சொன்னாளாம்: "ஒறம்பரை, சொந்தக்காரங்க நெறையா வந்துட்டாங்களாமா. அவிகளுக்கே பத்துமோ பத்தாதோன்னு நமக்கு இதக் காச்சச் சொல்லீட்டாங்க. உடுங்க, எப்பவும் குடிக்கறதுதான."

இப்போது ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சமைத்தவர் தன் கையால் அண்டாவைத் திறந்து முதல் கரண்டி எடுக்காமல் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

நாச்சிமுத்து கரண்டியை எடுத்தார். எல்லாரும் அண்டாப் பக்கம் போகிறார் என்று நினைத்தார்களாம். அவர் வேப்பமரத்தடிக்குப் போய், சின்னான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆத்தா, எனக்கும் ஒரு சட்டி ஊத்து."

"அய்ய, சோறாக்குனவருக்கு எதுக்குங்க கூழு?"

"நானும் அடுப்படி ஆளுதான ஆத்தா? ஊத்து."

பந்தியில் இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு வைத்தாயிற்று. சோறு மட்டும் வரவில்லை. இலையில் ஈ வந்து உட்கார ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ணாடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாராம்.

"ஏன்டா, எந்திரிச்சு வந்து அண்டாவத் தொறடா!"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கறனுங்க பண்ணாடி."

"எம் மானத்த வாங்கறயா? சுத்துப்பட்டுல ஒரு ஊட்டுலயும் உனக்கு வெத்தல வெக்காத பண்ணிப்போடுவன், தெரியுமா?"

"தெரியுமுங்க."

தெரியும் என்றுதான் சொன்னாராம். சொல்லிவிட்டு இன்னொரு வாய் கூழ் குடித்தாராம். நாச்சிமுத்துவின் மனசு முழுக்கப் பழனாத்தாவும் அந்தக் காலிச் சட்டியும்தான். எழுந்து போனால் எல்லாம் சரியாகிவிடும். எழுந்தால் போதும். அவர் எழவில்லை.

இன்னொரு சமையல்காரர் கை பட்டால் குற்றமில்லை என்று, பண்ணாடி ஆள் விட்டுக் குப்பணனைக் கூட்டிவரச் சொன்னார். குப்பணன் பக்கத்து ஊர்ச் சமையல்காரர். நாச்சிமுத்துவைக் கண்டாலே ஆகாது அவருக்கு. "அவன் ரசத்துல தண்ணியத் தவிர எல்லாம் கம்மி" என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர். வந்தார். மூடிய அண்டாவைப் பார்த்தார். நாச்சிமுத்து மடியில் கரண்டியைப் பார்த்தார். கூழ்ப்பானையைப் பார்த்தார். சுற்றி அத்தனை சனமும் கூடிவிட்டதாம்.

"நாச்சிமுத்து, கூழுக்கு உப்புப் போட்டிருக்குதா?"

"கொஞ்சம் கம்மி."

"நீ இருக்கற எடத்துல எதுதான் நல்லா இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறிப் போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டாராம்.

பண்ணாடி காலி இலைகளோடு காத்திருந்த பந்தியைத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு யாரையும் கூப்பிடாமல் பந்திக்குப் போனார். ஒரு தலைவாழை இலையைத் தன் கையாலேயே எடுத்துவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தார்.

"சின்னா, வந்து உக்காரு. இனி தொறப்பயா நாச்சிமுத்து?"

நாச்சிமுத்து அண்டாவைத் திறந்தார். முதல் கரண்டி அந்த இலைக்குப் போயிற்று. சோறு, பருப்பு, நெய், பொரியல், கடைசியில் பாயசம். சின்னான் ஒரு வாய் பாயசம் எடுத்துவிட்டு, அடுத்த வாய் எடுக்காமல் இலையையே பார்த்துக்கொண்டு இருந்தானாம். பந்தியில் அத்தனை பேரும் பசியோடு பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லையாம். ரங்காத்தாவும் தண்ணீர் சுமந்தவர்களும் சாப்பிட்டபின் ஒறம்பரைக்கும் சோறு போதுமானதாக இருந்ததாம், மிஞ்சியும் போயிற்றாம்.

அதற்கப்புறம் நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அடுத்த முகூர்த்த மாசத்தில் நாச்சிமுத்து வீட்டுக்கு ஒரு தட்டும் வரவில்லை. வம்பு பிடித்த சமையல்காரன் என்று பேராகிவிட்டது. பழனாத்தா சோளம் அறுக்கப் போனாள். அவரும் கூடவே போனார். அவள் திட்டவில்லையாம். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லையாம்.

பிறகு ஒரு நாள், அவர் வீட்டு வாசலில் வெற்றிலைத் தட்டோடு ஒரு ஆள் நின்றார். தோட்டத்துப் பண்ணாடி. இளைய மகளுக்குக் கல்யாணம். நாச்சிமுத்து கையைக் கட்டி வாயைத் திறக்கும் முன்னால் பண்ணாடி சொன்னாராம்: "மொத இல அடுப்படிக்கு. தட்ட வாங்கு."

அவர் வெற்றிலை வைத்த பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். இன்றைக்கும் வேலங்காட்டுப்புதூரில் சமையலுக்கு ஆள் அழைக்கப் போகிறவர்கள், சமையல்காரர் கேட்கும் முன்னால் அதைச் சொல்லித்தான் தட்டை நீட்டுவார்களாம். விருந்தில் முதல் இலையை விரிப்பது அந்த வீட்டுப் பெரியவர் கைதானாம். அதற்குப் பேர் அடுப்படி இலை.

குப்பணன் உட்கார்ந்தது நிஜமா என்று எனக்குத் தெரியாது. சில பேர் அவர் நின்றுகொண்டே கூழ் குடித்தார் என்கிறார்கள். இலை விசயத்தை மட்டும் போய்ப் பார்த்தேன். போன வைகாசியில் அங்கே ஒரு கல்யாணம். விறகு இல்லை, கேஸ் அடுப்பு. தாராபுரத்தில் இருந்து வந்த சமையல் ஆட்கள். பந்தி உட்காரும் முன்னால் பெண்ணின் அப்பா ஒரு இலையைக் கொண்டுபோய்ச் சமையல்கொட்டகையில் விரித்தார். பாத்திரம் கழுவ வந்த பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாச்சிமுத்து என்றால் யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

இலையில் பாயசம் இருந்தது.