ஐம்பத்தொன்றாவது கேள்வி

— ஐந்நூத்தி அறுபத்திரெண்டு நாளு.

— அண்ணி, நான் அதைக் கேக்கல. பூமி சூரியனை ஒரு சுத்து சுத்தி வர எத்தனை நாளுன்னு கேட்டேன்.

— முன்னூத்தி அறுபத்தஞ்சேகால்.

— தெரியுதுல்ல. அப்புறம் எதுக்கு ஐந்நூத்திச் சொச்சம்?

— வாயில அதுதான் முதல்ல வந்துது. தெனம் காலையில எழுந்ததும் எண்ணுறேன் இல்ல. உங்க அண்ணன் போன நாள்லேருந்து. பழக்கம்.

— பத்தரை மணிக்கு மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேர் உக்காந்திருப்பாங்க. அங்க வாயில முதல்ல வர்றதைச் சொல்லக் கூடாது. நான் நோட்டுல எழுதிக் குடுத்ததைச் சொல்லணும். ஐம்பது கேள்வியில எத்தனை முடிச்சிருக்கோம்?

— இருபத்தொம்போது. ரயிலு இன்னும் ஆலப்பாக்கமே தாண்டல.

— அடுத்தது. சரித்திரம். தேவனாம்பட்டினம் கோட்டை எந்த வருஷம் வெள்ளைக்காரன் கைக்கு வந்துது?

— ஆயிரத்து அறுநூத்தித் தொண்ணூறு. மராட்டியர் கிட்டேருந்து வாங்கினான்.

— எல்லை எப்படி வெச்சான்?

— கோட்டையில நின்னு பீரங்கியைச் சுட்டான். குண்டு போய் எங்க விழுதோ அது வரைக்கும் அவனுக்கு. அதுக்குள்ள இருந்த ஊருக்கெல்லாம் குண்டு கிராமம்னு பேரு.

— ரொம்ப சரி.

— நம்ம குப்பமும் அதுக்குள்ளதான வரும், ஞானம்?

— வரும்.

— குப்பத்து ஆளுங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. தலைக்கு மேல என்னமோ போச்சேன்னு பாத்திருப்பாங்க. பாத்து முடிக்கிறதுக்குள்ள வேற ஆளுக்குச் சொந்தம்.

— அதெல்லாம் அங்க பேசாதீங்க. வருஷத்தைச் சொல்லி நிறுத்திக்குங்க. அடுத்தது. பிரதம மந்திரி?

— லால்பகதூர் சாஸ்திரி.

— அடுத்தது. தமிழ். ஐந்திணை சொல்லுங்க.

— குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை.

— நெய்தல்னா?

— கடலும் கடல் சார்ந்த எடமும். நம்மள மாதிரி ஆளுங்க இருக்கற எடம்.

— அதுக்கு உரிப்பொருள்?

— ஊடல்.

— அண்ணி.

— தப்பா?

— ஊடல் மருதத்துக்கு. புருஷன் வேற வீட்டுக்குப் போயிட்டு வர்றான், பொண்டாட்டி மொகத்தைத் திருப்பிக்கிறா. அது வயல்காட்டு ஆளுங்களுக்கு. நெய்தலுக்கு இரங்கல். போனவன் வரலியேன்னு கரையில நின்னு அழுவுறது.

— இரங்கல். சரி. ரெண்டும் எனக்கு மாறி மாறி வருது.

— நேத்தும் இதே எடத்துலதான் தப்பு பண்ணீங்க. நாலு தரம் எழுதிப் பாக்கச் சொன்னேன்.

— எழுதினேன். எழுதறப்ப சரியா வருது. வயலுக்கு இது, கடலுக்கு அதுன்னு யாரு பங்கு பிரிச்சாங்க?

— அந்தக் காலத்துல பிரிச்சாங்க. அங்க கேள்வி கேக்கறவுங்க அவுங்க, நீங்க இல்ல. அடுத்தது. விஞ்ஞானம். புயல் எப்படி உண்டாவுது?

— கடல் தண்ணி சூடாவுது. அது மேல இருக்கற காத்து லேசாயி மேல போவுது. அந்த எடத்துல அழுத்தம் கொறையுது. சுத்துப்பட்டுக் காத்தெல்லாம் அங்க ஓடியாந்து சுழலுது.

— காலேஜ்ல எங்க கிளாஸ் பொண்ணுங்க நாங்ககூட இவ்ளோ சுருக்கா சொல்ல மாட்டோம்.

— ஒரு சந்தேகம். நோட்டுல இல்லாதது.

— கேளுங்க.

— தண்ணியில செத்தவங்க மூணாம் நாளு மேல வர்றாங்களே, அது ஏன்?

— உடம்புக்குள்ள வாயு சேரும். எடை அதேதான், பருமன் ஜாஸ்தியாவும். அதனால மிதக்கும்.

— உப்புத் தண்ணியில?

— உப்புத் தண்ணியில மிதக்கறது இன்னும் சுலபம்.

— அன்னிக்குக் கடலுக்குப் போன நம்ம குப்பத்து அய்யனார் மூணாம் நாளு பொணமா வந்தாரு. அவர் தம்பி நாலாம் நாளு வந்தாரு. கட்டுமரமும் ஒதுங்குச்சு. மூணாவது ஆளா உங்க அண்ணன் அந்த மரத்துலதான் போனாருன்னு ஊரே சொல்லுது. ஏறினதைக் கண்ணால பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லல.

— எல்லா உடம்பும் கரைக்கு வரணும்னு இல்ல அண்ணி. நீரோட்டம் இருக்கு, சுறா இருக்கு. அடுத்தது.

— சரி. கேட்டேன், அவ்ளோதான்.

— சந்திர கிரகணம் ஏன் எப்பவும் பௌர்ணமியில வருது?

— நடுவுல பூமி வரணும். பூமியோட நெழல் நெலா மேல விழணும். ஆலப்பாக்கம் வந்துட்டுது பாரு.

— நீங்க என்னைப் பாருங்க. சிதம்பரத்துல எறங்கினதும் வெயிட்டிங் ரூமுக்குப் போறோம். மொகம் கழுவி பொட்டை எடுத்துடுங்க. கழுத்துல இருக்கறதைக் கழட்டிப் பையில வெச்சுக்கறேன்.

— பொட்டை எடுத்துடறேன். கழுத்துது வேணாம்.

— அதோட உள்ள போனா எப்படி?

— அத்தைக்கு வாக்கு குடுத்திருக்கேன். கடல் அவரைத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் கழட்டறதில்லன்னு. உங்க அம்மா கருமாதிக்கே ஒத்துக்கலியே, ஞானம்.

— சரி. ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்குங்க. கயிறு தெரியாம முந்தானையை இழுத்துப் போர்த்திக்குங்க.

— அத்தை இன்னிக்கும் அவருக்குத் தட்டு வெச்சாங்க. பாத்தியா?

— பாத்தேன்.

— கெளம்பறப்ப என்னைக் கூப்பிட்டு, அவன் வந்தா சாவி எங்கன்னு கேப்பான், எங்க வெச்சிருக்கேன்னாங்க. தண்ணிப் பானைக்குப் பின்னாடின்னு சொன்னேன். சரின்னாங்க.

— எங்க போறோம்னு சொன்னீங்களா?

— நடராஜர் கோயிலுக்குன்னு சொன்னேன். அவர் பேரைத்தான புள்ளைக்கு வெச்சேன், சாமி கைவிட மாட்டாருன்னு துண்ணூறு வாங்கியாரச் சொன்னாங்க. திரும்பறப்ப வாங்கணும். ஞாபகப்படுத்து.

— வாங்கலாம். இப்ப நான் ஒரு கேள்வி கேக்கப் போறேன். நோட்டுல இல்ல. ஐம்பத்தொண்ணாவது. இதுக்காகத்தான் கூப்பிட்டிருக்காங்க. விதவைங்களுக்குன்னு பன்னெண்டு சீட்டு வெச்சிருக்காங்க. உங்க மார்க்குக்கு வேற வழியில டீச்சர் டிரெய்னிங் கெடைக்காது. அடுத்த வருஷம் மனு போடலாம்னா வயசு தாண்டிடும்.

— பத்து தரம் சொல்லிட்டே.

— பதினோராவது தரம். உங்க கணவர் பேரு என்னம்மா?

— எழுதிக் காட்டறேன்.

— வாயால சொல்லணும்.

— நான் சொன்னதே இல்ல. ரேஷன் கார்டுக்கு வந்தவங்களுக்குக்கூட நீதான் சொன்னே.

— சரி, பேரை மனுவுல பாத்துக்குவாங்க. கணவர் என்ன செய்யறார்?

— வண்டி ரொம்ப மெதுவா போவுதே.

— அண்ணி. கணவர் என்ன செய்யறார்?

— கடலுக்குப் போனார்.

— அப்புறம்?

— திரும்பல.

— திரும்பலன்னா போதாது. காணாமப் போனவன் பொண்டாட்டிக்கு சீட்டு இல்ல, செத்தவன் பொண்டாட்டிக்குத்தான். அந்த டிரெய்னிங் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரெஸ் அம்மா போன மாசம் என்கிட்ட நேராவே கேட்டாங்க, கிராம முன்சீப் குடுத்த மரண சர்டிபிகேட் இருக்கு, உங்க அண்ணி அதை அவங்க வாயால சொல்லுவாங்களான்னு. சொல்லுவாங்கன்னு நான் பொறுப்பேத்துக்கிட்டு வந்திருக்கேன். 'இறந்துட்டார்.' ஒரே வார்த்தை.

— நடந்ததைச் சொல்றேன். அது போதுமா பாரு.

— சொல்லுங்க.

— விடியறதுக்கு முன்னாடி எழுந்தாரு. பழைய சோறு குடிச்சாரு. வலையைத் தோள்ல போட்டாரு. செருப்பை மாட்டிக்கிட்டாரு. வாசல்ல ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் போயிட்டாரு. மத்தியானம் காத்து திரும்பிச்சு.

— செருப்பா?

— ஆமா. கறுப்புத் தோலு. மஞ்சக்குப்பம் மைதானத்துல கடை போட்டிருந்தப்ப வாங்கினது.

— கட்டுமரம் ஏறப் போறவர் எதுக்கு செருப்பு மாட்டணும்?

— யாரும் மாட்ட மாட்டாங்க.

— அப்ப கேக்க வேண்டியதுதான?

— கடலுக்குப் போற ஆளை எங்க போறேன்னு கேக்கலாமா? நீயும் அந்த வீட்டுல பொறந்தவதான. கேட்டா போற காரியம் வெளங்காதுன்னு அத்தை கல்யாணமான முதல் நாளே சொன்னாங்க. தோள்ல வலை இருந்துது. வலை இருந்தா கடலுக்குத்தான. நான் வாயைத் தொறக்கல.

— இதை அங்க சொல்லாதீங்க. வலை போதும். செருப்பு வேணாம்.

— செருப்பில்லாம அது நடந்தது இல்ல, ஞானம்.

— அண்ணி, உங்களுக்கு இந்தப் படிப்பு வேணுமா, வேணாமா? அதை முதல்ல சொல்லுங்க. வேணாம்னா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிடலாம்.

— வேணும்.

— நெசமாவா?

— எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண வருஷத்துலேருந்து வேணும். எனக்குன்னு ஒரு நாற்காலி. எதிர்ல பசங்க. நான் போர்டுல எழுதறப்ப எல்லாம் சும்மா இருக்கணும். வேணாம்னா ரெண்டு மாசமா கருவாட்டுக் கூடை பக்கத்துல உக்காந்து பீரங்கியும் கிரகணமும் மனப்பாடம் பண்ணுவேனா?

— அப்ப அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகுங்க. என்கிட்டதான. வெறும் காத்துதான அது.

— நீ சொல்லு, பாக்கலாம்.

— நான் எதுக்குச் சொல்லணும்?

— உன் அண்ணன்தான. ஒரு தரம் சொல்லு. உன் வாயால நானும் இதுவரைக்கும் கேட்டதில்ல. சர்டிபிகேட்ல இருக்குதுன்னுதான் சொல்றே.

— நேரமாவுது அண்ணி.

— புதுச்சத்திரம் போயிட்டுது.

— இப்பத்தான போச்சு. கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க. ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன். கரி பறக்குது, பொடவை அழுக்காவும்.

— எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு.

— சரி. நோட்டைப் பாக்கலாம். அடுத்தது. மீன் எதால மூச்சு விடுது?

— செவுளால. தைப்பூசம் வரைக்கும் நீதான் அத்தைக்கு தைரியம் சொல்லிக்கிட்டு இருந்தே, ஞானம். அண்ணன் எங்கயாவது கரை ஏறியிருப்பாரு, வந்துடுவாருன்னு. சிதம்பரம் ஆஸ்டல்லேருந்து வாரா வாரம் இதே வண்டியிலதான் வீட்டுக்கு வருவே.

— அதுக்கென்ன இப்ப?

— தைப்பூசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை வந்தே. சாப்பிடல. பசிக்கலன்னு சொன்னே. மறுநாள் காலையிலயே முன்சீப் வீட்டுக்குப் போயி அண்ணன் செத்ததுக்கு சர்டிபிகேட் வேணும்னு நின்னே. மூணு தரம் நடந்தே. அதுலேருந்து இந்த வண்டியில வர்றதில்ல. பஸ்ஸு.

— பஸ்ஸு சீக்கிரம் வருது.

— இருக்கும். நான் ஏன்னு கேக்கல. கேட்டுப் பழக்கமில்ல.

— அண்ணி, ஷட்டரை எறக்கிடறேன். கரி கண்ணுல விழுது.

— கரி அந்தப் பக்கமா போவுது.

— எனக்கு விழுது.

— எறக்கு.

— ரெண்டு நிமிஷம்தான். வண்டி கெளம்பினதும் தூக்கிடறேன்.

— பரங்கிப்பேட்டையா?

— ஆமா.

— நானும் இங்க மாசத்துக்கு ஒரு தரம் வந்துகிட்டு இருந்தேன். கருவாடு எடுக்க. மார்கழியோட நிறுத்திட்டேன். அத்தை கேட்டாங்க. சரக்கு நல்லா இல்லன்னு சொன்னேன். சரக்கு நல்லாத்தான் இருந்துது.

— மார்கழியிலயா?

— உனக்கு ஒரு மாசம் முன்னாடி.

— அண்ணி.

— கையை எடு. எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டி எவ்ளோ நேரம் நிக்கும்?

— ரெண்டு நிமிஷம். கூடை ஏத்தற நாளா இருந்தா அஞ்சு.

— அப்ப நேரம் இருக்கு. அந்தக் கேள்வியைக் கேளு.

— வேணாம். அங்க போய்ப் பாத்துக்கலாம்.

— பழகணும்னு நீதான சொன்னே. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற மாதிரி கேளு. பேரையும் சேத்துக் கேளு.

— உங்க கணவர் பேரு என்னம்மா? என்ன செய்யறார்?

— தாண்டவராயன். செருப்பு போட்டுக்கிட்டு, இந்த ஷட்டருக்கு வெளியில மீன் கூடை ஏத்திக்கிட்டு இருக்கார், ஐயா.