ஊட்டுக்கு ஒரு சிடி

நாகலட்சுமி: மாவட்ட ஆபீஸ்ல இருந்து கட்டா வந்த சிடியில ஒண்ணுகூடவா மிச்சமில்ல?

காளியண்ணன்: இல்லீங்க லைப்ரரியம்மா. அம்பதும் போயிருச்சு. நீங்கதானுங்களே உறையில போட்டிருந்ததை வாசகர் வட்டத்துல நின்னு சத்தமாப் படிச்சீங்க?

நாகலட்சுமி: என்னன்னு படிச்சேன்?

காளியண்ணன்: "லைப்ரரிப் புஸ்தகக் கணக்குப் பாக்கற சாப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ். இதுக்கு ஓனர் கிடையாது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், அவங்கவங்க தேவைக்கு மாத்தியும் அமைச்சுக்கலாம்"னு.

நாகலட்சுமி: சரி... அதுக்கு?

காளியண்ணன்: ஓனர் இல்லாத பொருள்னா ஊர்ப்பொதுவுங்க. பொதுவுல வந்ததை ஒருத்தரே வெச்சுக்கிட்டா ஊரு சும்மா வுடுமா? கோயில்ல கெடா வெட்டினாலே ஊட்டுக்கு ஒரு கூறுதான். நான் வட்டத்துக்குத் தலைவர் வேற...

நாகலட்சுமி: அதுக்காக சிடியக் கூறு போடுவீங்களாண்ணா? லைப்ரரிக்குன்னு ஒண்ணை மேசை டிராயர்ல வெச்சிருந்தேனே, அது?

காளியண்ணன்: ராமாயி ஊடு விட்டுப்போச்சுங்க. வாசல்ல வந்து நின்னு ஒரு மூச்சு அழுதுச்சு.

நாகலட்சுமி: அதனால டிராயரத் தொறந்து...

காளியண்ணன்: சாவி மேசை மேலதானுங்க கெடந்துச்சு.

நாகலட்சுமி: ஐயோ... இப்ப எல்லாம் எங்க?

காளியண்ணன்: அவங்கவங்க தினைக்காட்டுலதான். நாருல கட்டித் தொங்க வுட்டிருக்கோம். காத்துல சுத்தறப்ப பளீர் பளீர்னு வெளிச்சம் அடிக்குது பாருங்க... ஒரு கிளி எறங்கணுமே! ம்ஹூம். கூறு பத்தலைன்னு கடைசி நாலை மட்டும் ரம்பத்துல ரெண்டா அறுத்துக் குடுத்தோம்.

நாகலட்சுமி: அறுத்தீங்களா!

காளியண்ணன்: மாத்தி அமைச்சுக்கலாம்னு போட்டிருந்துச்சேங்க...

நாகலட்சுமி: அண்ணா, வெளையாட்டு இல்ல, கேளுங்க. மாவட்ட ஆபீஸ்ல இருந்து கோகுல்நாத் சார் வந்துட்டிருக்கார். ரெண்டாயிரத்தாறு முடியறதுக்குள்ள எந்தக் கிளையில சாப்ட்வேர் ஓடலையோ அதை மூடிடுவாங்களாம். புஸ்தகத்தையெல்லாம் லாரியில ஏத்தி அடிவாரத்துக்குக் கொண்டு போயிருவாங்க.

காளியண்ணன்: மூடறதா? அப்ப எங்க புள்ளைங்க ஒரு புஸ்தகத்துக்கு மலைரோட்டுல எழுபது வளைவு எறங்கோணுமா? பாதி வளைவுலயே வாந்தி எடுத்துருங்களே!

நாகலட்சுமி: அதுக்குத்தாண்ணா சொல்றேன், ஓடுங்க. யார் காட்டுலயாவது முழுசா இருக்கறதா ஒண்ணை அவுத்துட்டு வாங்க.

காளியண்ணன்: அவுத்தா கிளி எறங்குமுங்களே...

நாகலட்சுமி: எறங்கட்டும்! அதோ, அவர் வர்ற சோளக்காட்டு பஸ் வந்துருச்சு. பின்கதவால போங்க, போங்க... வணக்கங்க சார்! வாங்க, வாங்க.

கோகுல்நாத்: வணக்கம்மா. நூலகர் நாகலட்சுமி?

நாகலட்சுமி: நான்தானுங்க. டீ சொல்லட்டுங்களா சார்?

கோகுல்நாத்: டீ வேண்டாம், வளைவுல சுத்தின தலை இன்னும் நிக்கல. நேரா விஷயத்துக்கு வாரேன். மாவட்டத்துல அத்தனை கிளையும் சாப்ட்வேர் பத்திப் பதில் அனுப்பியாச்சு. நீங்க மட்டும் ஒரு வரி எழுதல. ஏன்?

நாகலட்சுமி: அது வந்துங்க சார்...

கோகுல்நாத்: சிடியில... ஏதாச்சும் கோளாறா?

நாகலட்சுமி: கோளாறா! ஐயோ, அருமையா ஓடுதுங்க சார்.

கோகுல்நாத்: ஓடுதா?

நாகலட்சுமி: ஓடுதுங்க.

கோகுல்நாத்: இந்தக் கம்ப்யூட்டர்லயா?

நாகலட்சுமி: இதுலதாங்க. புஸ்தகப் பேரை அடிச்சாப் போதும், யார்கிட்ட இருக்குன்னு டக்குனு காட்டிருது.

கோகுல்நாத்: காட்டுதா! ம்ம்... தமிழ்லயா?

நாகலட்சுமி: சுத்தத் தமிழ்லங்க சார்.

கோகுல்நாத்: அடடே... நீங்களுமா. சரி, ரொம்ப சந்தோசம். "நல்லா இயங்குது"ன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் கெளம்பறேன்.

நாகலட்சுமி: போட்டுப் பாக்க வேண்டாங்களா?

கோகுல்நாத்: எதுக்கும்மா? உங்க வார்த்தை போதாதா?

நாகலட்சுமி: காட்டலாம்னாலும் கரண்டு வேற இல்லீங்க சார்...

கோகுல்நாத்: இல்லையா? ரொம்ப நல்லது... அதாவது, பரவாயில்லைன்னு சொல்ல வந்தேன்.

காளியண்ணன்: லைப்ரரியம்மா! கெடச்சுருச்சு! சின்னுசாமி காட்டுல...

நாகலட்சுமி: அண்ணா... சார் இருக்கார்.

கோகுல்நாத்: யாரும்மா இவரு?

நாகலட்சுமி: காளியண்ணன். வாசகர் வட்டத் தலைவருங்க சார்.

காளியண்ணன்: கும்புடறனுங்க. இந்தாங்க சிடி. வேட்டியிலயே தொடச்சுட்டேன்.

கோகுல்நாத்: இதென்ன, ஓட்டையில கத்தாழை நாரு தொங்குது? மேல வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு?

காளியண்ணன்: குருவி எச்சமுங்க. கிளிதான் பயப்படுது, குருவிக்குப் பழகிப்போச்சு...

நாகலட்சுமி: அண்ணா!

காளியண்ணன்: போடுங்கம்மா, சார் கண்ணால பாக்கட்டும். பாருங்க, லைட்டு எரியுது. கரண்டும் வந்துருச்சு.

கோகுல்நாத்: வேண்டாம்! போடாதீங்க!

காளியண்ணன்: ஏனுங்க? இவ்வளவு தூரம் மலை ஏறி வந்துட்டு...

கோகுல்நாத்: எச்சம் பட்ட சிடி கம்ப்யூட்டருக்கு ஆகாதுங்க.

காளியண்ணன்: அதான் தொடச்சாச்சுங்களே! சித்த நகருங்க சார். எந்தச் சந்துல தள்ளோணும்? இதுங்களா?

கோகுல்நாத்: ஐயா, கையை எடுங்க! அம்மா, அவரைப் புடிங்க!

நாகலட்சுமி: விடுங்கண்ணா. போதும்... சார், என்னால கையெழுத்துப் போட முடியாது.

கோகுல்நாத்: என்னம்மா சொல்றீங்க?

நாகலட்சுமி: நான் சொன்னது அத்தனையும் பொய்யிங்க. இந்தக் கம்ப்யூட்டர் வாயில இதுவரைக்கும் ஒரு சிடி போனதில்ல. அம்பதும் தினைக்காட்டுல கிளி ஓட்டிட்டிருக்குது.

காளியண்ணன்: அம்பதுல நாலு அரை அரையா...

நாகலட்சுமி: சும்மா இருங்கண்ணா! சார், என்னை எங்க வேணும்னாலும் தூக்கியடிங்க. மெமோ குடுங்க. லைப்ரரியை மட்டும் மூடாதீங்க. பள்ளிக்கூடம் விட்டதும் மழையில நனைஞ்சுகிட்டே ஓடி வருதுங்க சார் புள்ளைங்க. அதுகளுக்கு இந்த மலையில வேற எடமே இல்ல.

கோகுல்நாத்: அம்பதுல ஒண்ணைக்கூட... யாரும் போட்டுப் பாக்கல?

நாகலட்சுமி: இல்லீங்க சார்.

கோகுல்நாத்: சத்தியமா?

காளியண்ணன்: எட்டுக்கை அம்மன் மேல சத்தியமுங்க.

கோகுல்நாத்: அப்பாடா... அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, உக்காந்துக்கறேன். இப்ப டீ சொல்லுங்கம்மா.

நாகலட்சுமி: சார்... லைப்ரரி?

கோகுல்நாத்: இங்கயேதான் இருக்கும். யார் வந்து மூடறாங்கன்னு பாத்துடறேன்.

காளியண்ணன்: திட்டுவீங்கன்னு பாத்தா மாலை போடறீங்களே!

நாகலட்சுமி: மத்த கிளையில எல்லாம் நல்லா ஓடுதுன்னு எழுதியிருக்காங்களே சார். எங்களுக்கு மட்டும் எப்படிங்க?

கோகுல்நாத்: அங்கதாம்மா எனக்குத் தூக்கமே போச்சு. சாப்ட்வேரை ஏத்த மறந்துட்டு, கடையில வாங்கின வெறும் சிடியவே உறையில போட்டு எல்லாக் கிளைக்கும் அனுப்பிட்டேன். அத்தனை பேரும் "அருமையா ஓடுது, தமிழ்லயே காட்டுது"ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பதில் போடல, கண்டுபுடிச்சுட்டீங்களோன்னு பயந்துதான் மலை ஏறினேன்... நான் அனுப்பின சிடி உருப்படியா ஒரு வேலை செஞ்சது உங்க தினைக்காட்டுல மட்டுந்தாம்மா.