பச்சைக் கோட்டு

எனக்கு நாடகம் பிடிக்காது ஐயா. நடிகர்களின் படங்களை அச்சடித்து விற்கிறவன் இப்படிச் சொன்னால் ஹாக்ஸ்டன் தெருவே சிரிக்கும். ஓவியர் கொட்டகைக்குப் போய் வரைந்து வருவார். நான் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடிப்பேன். என் மனைவி கெசியா வண்ணம் தீட்டுவாள்.

அந்த வருஷம் லூசியஸ் பெங்கெல்லி காட்டுக் கொள்ளையர் தலைவனாக வேஷம் கட்டினான். ஊரே அவன் படத்துக்கு அலைந்தது. பக்கத்துக் கடை திருமதி டட்ஜன் ஒருநாள் படங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள்.

"உங்க வீட்டுக்காரி ராஜா வேஷக்காரங்க மூஞ்சிக்கெல்லாம் சப்புனு ஒரு பூச்சு. இந்தப் பயலுக்கு மட்டும் கன்னத்துல ரோஜாவே பூக்குது. கொஞ்சம் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலைகளில் கெசியா தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்வாள். கொட்டகையும் அந்தத் திசையில்தான் இருந்தது. கேட்டதற்குச் சிரித்தாள்.

"காகிதத்துல இருக்கிறவன் மேலயா சந்தேகம்? நான் அந்த ஆளைப் பாத்ததே இல்லீங்க. அவன் படம்தான் நல்லா விக்குது, அதான் கவனமா பூசுறேன்."

பதில் தயாராக இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

தூரிகையை உதட்டில் வைத்து முனையைக் கூர்மையாக்குவது வண்ணம் தீட்டுகிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். சுவர்க்காகிதம் செய்கிறவர்களிடம் ஒரு பச்சை கிடைக்கும், பாஷாணம் கலந்தது. அதை வாங்கி வந்து, தலைவனின் கோட்டுக்கு இதையே பூசு என்றேன். "அடேயப்பா, என்ன பளபளப்பு!" என்று மகிழ்ந்துபோனாள். ராஜா படத்துக்குப் பச்சை தேவையில்லை. காலையில் இரண்டு கட்டுகளையும் முன்னால் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்பேன். அவள் எப்போதும் அவனையே எடுத்தாள்.

பனி விழத் தொடங்கியபோது வாந்தியும் தொடங்கியது. டாக்டர் வயிற்றுக் கோளாறு என்றார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். படுத்தபடியே பூசுவதற்கு ஒரு பலகையும் செய்து கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே செத்துப்போனாள். நான் அழுதேன், அது பொய்யில்லை.

அடக்கம் முடிந்த பிறகு பெங்கெல்லியே கடைக்கு வந்தான். படத்தை எடுத்துப் பார்த்தான்.

"யாருய்யா எனக்குப் பச்சைக் கோட்டு மாட்டிவிட்டது? மேடையில நான் போடறது சிவப்பு. பூசின ஆளு நாடகத்தையே பாத்ததில்ல போலிருக்கே."

கெசியாவின் பெயரைச் சொன்னேன். யாரது என்றான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவனையும் விசாரியுங்கள் ஐயா. தெரியாதவன் போல அவ்வளவு அழகாக நிற்க, தேர்ந்த நடிகனால்தான் முடியும்.